ஓதம் (சுவர் ஈரம்) ஏறிய அறைக்கு எப்போது பெயின்ட் அடிப்பது, எப்படி அடிப்பது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் தென்பெண்ணைக் கரையோரம் வீடு. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்தபோது அறைக்குள் முழங்கால் அளவு வெள்ளம் நின்றது. வடிந்ததும் கழுவிவிட்டு, அடுத்த மாதம் பொங்கலுக்கே பட்டி (சுவரை மழமழப்பாக்கப் பூசும் கலவை) பார்த்து, விலை கூடிய எமல்ஷனாக வாங்கி இரண்டு கோட் அடித்திருக்கிறார்கள். வைகாசிக்குள் அடிச்சுவர் கொப்புளம் கட்டியது. இப்போது புரட்டாசி. மூன்றடி உயரத்துக்குத் தொட்டாலே அப்பளம் போல உடைந்து விழுகிறது, உள்ளே வெள்ளை மாவு. வருகிற தையில் அக்கா பிரசவத்துக்கு வருகிறார், அந்த அறையில்தான் தங்கப் போகிறார். பெயின்டர் வந்து பார்த்துவிட்டு, "சுரண்டிட்டு டேம்ப் ப்ரூஃப் ஒரு கோட், மேல பட்டி, எமல்ஷன். மார்கழிக் கடைசியில முடிச்சுத் தந்துடறேன்" என்றிருக்கிறார். அது சரியா? பிரைமர் அடிப்பது பட்டிக்கு முன்பா, பின்பா?

தம்பி, பிரைமர் கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். பெயின்டர் சொன்னதில் எனக்கு நெருடுவது "மார்கழிக் கடைசி" என்பதுதான். உங்கள் சுவர் கெட்டதற்குக் காரணம் பெயின்டும் இல்லை, பெயின்டரும் இல்லை. அடித்த மாதம். அதே மாதத்தில் மறுபடி அடித்தால் அதேதான் நடக்கும்.

போகிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் பக்கத்தில் எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று சொல்லத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி, மார்கழிப் பனியில் நனைந்து, சுவர் ஈரம் மாறாமல் இருக்கும்போதே மட்டையும் வாளியுமாக ஆள் வந்துவிடுவார். அன்று யாருக்கும் சுவர் பொரியவில்லை, ஏனென்றால் அடித்தது சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாக இறுகும் பொருள். அந்த வேலை நடக்கச் சுவரில் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் வேண்டும். அதனால்தான் வெள்ளையடிக்கும் முன் காய்ந்த சுவரைக்கூட நனைப்பார்கள். இறுகிய பிறகும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். உள்ளே இருக்கிற ஈரம் அந்த வழியே ஆவியாகித் தை, மாசி வெயிலில் தானாக வெளியேறிவிடும். பண்டிகை நாளும் பொருளும் ஒன்றுக்கொன்று அவ்வளவு பொருத்தமாக இருந்தன.

நாம் நாளை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிவிட்டோம். எமல்ஷன் என்பது அக்ரிலிக் பிசின். காய்ந்ததும் சுவர்மேல் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். விலை கூடக் கூடத் தோல் இன்னும் இறுக்கம். ஈரச் சுவரை அப்படி மூடிவிட்டால் சித்திரை வெயிலில் வெளிச்சுவர் சூடாகும்போது உள்ளே இருக்கும் நீர் போக வழியில்லாமல் தோலைத் தள்ளும். நீரோடு உப்பும் வரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிப் பெருக்கும். அந்தப் பெருக்கத்தின் அழுத்தம் செங்கல்லின் முகத்தையே உரித்துவிடக்கூடியது, அதற்குப் பட்டி எம்மாத்திரம்? நீங்கள் பார்க்கிற வெள்ளை மாவு அந்த உப்புதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வீட்டுக்காரரின் செலவில். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மஞ்சக்குப்பத்தில் நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில் ஜன்னல் பெயர்ந்து, ஒரு பக்கச் சுவர் முழுக்க மழை குடித்திருந்தது. தையில் அவர்கள் வீட்டில் கல்யாணம். பந்தக்கால் நடுவதற்குள் முடித்துத் தரவேண்டும் என்றார்கள். கையால் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. அடிக்கச் சொல்லிவிட்டேன். சித்திரையில் அந்தச் சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அடுத்த வீட்டில் ஒரு பாட்டி மட்டும் இருந்தார். அதே மழையில் அதே அளவு நனைந்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். அது வெளுத்து அப்படியே நின்றது. அதிலிருந்து, கையால் தொட்டுப் பார்த்து ஈரம் சொல்லும் வேலையை விட்டுவிட்டேன்.

கைக்குப் பதிலாகச் செய்யவேண்டியது இது. ஒன்றரையடிக்கு ஒன்றரையடி கெட்டியான பாலித்தீன் தாளை எடுத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் ஒன்று, ஐந்தடி உயரத்தில் ஒன்று. இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அறைக்காற்றின் ஈரம் படிகிறது, அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் மருந்து. உங்கள் அறையில் கீழ்த்தாள் நனையும், மேல்தாள் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஈரத்தின் வடிவமும் நிறையச் சொல்லும். தரையிலிருந்து ஒரே மட்டமாக இரண்டடி, மூன்றடி ஏறி அலையலையாக ஒரு கோடு விட்டிருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். செங்கல் விளக்குத் திரி மாதிரி நீரை மேலே உறிஞ்சுகிறது. சுவர் நடுவில் தனியாக ஒரு திட்டு என்றால் பின்பக்கம் குளியலறையோ, உள்ளே குழாயோ இருக்கும். கூரையோரம் தொடங்கிக் கீழே இறங்கினால் மாடித்தளம் அல்லது கைப்பிடிச்சுவர். ஜன்னலுக்கு மேலே மட்டும் என்றால் சன்ஷேடு சுவரோடு சேரும் இடத்தில் விரிசல். இதில் எது என்று தெரியாமல் எந்த டப்பாவையும் திறக்கவேண்டாம்.

உங்களுடையது வெள்ளத்தில் குடித்த நீர் மட்டும்தானா, நிலத்திலிருந்தும் ஏறுகிறதா என்பதைப் பார்க்க வெளியே போய் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. முத்தியால்பேட்டையில் மூன்று படி ஏறிப்போன திண்ணைக்கு இன்று ஒரு படி இறங்கிப் போகிற வீடுகள் எனக்குத் தெரியும். தெரு உயர்ந்தால் நாமும் வீட்டைச் சுற்றி மண் கொட்டி மேடாக்குகிறோம். வீடு கட்டும்போது கடைக்கால் மட்டத்தில் ஓதம் தடுக்க ஒரு அடுக்குப் போட்டிருப்பார்கள். மண் அதற்கு மேலே ஏறிவிட்டால் அடுக்கு இருந்தும் பயனில்லை. அறையின் தரைமட்டத்தைவிட வெளி மண் அரை அடியாவது தாழ்ந்திருக்கவேண்டும். இல்லையென்றால் சுவரை ஒட்டி ஒன்றரையடி அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, சுவரிலிருந்து விலகி ஓடும் சரிவோடு ஜல்லி கொட்டுங்கள். செலவு ஒரு நாள் ஆள்கூலி. அறைக்குள் செய்யும் எல்லா வேலையையும்விட இதற்குப் பலன் அதிகம். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயும், ஏசி சொட்டும் குழாயும் அந்தச் சுவரடியில் விழுகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி உள்ளே. மழை தொடங்க மூன்று, நான்கு வாரம் இருக்கிறது. இந்த இடைவெளியை வீணாக்காதீர்கள். அக்கா வருவதற்குள் நீங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை, கெட்ட பூச்சை இப்போதே கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைத் திறந்து போடுவது. உரிந்த கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு அடி சேர்த்து, தரையிலிருந்து நாலடிக்குச் செங்கல் தெரியும்வரை எடுங்கள். கல்லுக்கு இடையிலுள்ள சாந்தையும் அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். அந்தக் குப்பையை அன்றே வெளியேற்றுங்கள், அதில்தான் உப்பு இருக்கிறது. பலர் செய்யும் தவறு உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். உலர்ந்த நார்த்தூரிகையால் தேய்த்து, கீழே செய்தித்தாள் விரித்து வாங்கி வெளியே போடுங்கள். நான்கு நாளில் மறுபடி பூக்கும், மறுபடி தேயுங்கள். பூப்பது குறையக் குறையச் சுவர் தன்னை வெளியேற்றிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

எவ்வளவு நாள் காயவேண்டும்? குளிர்நாடுகளில் சுவர்க் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொல்வார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். நம் வெயிலுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் நடுவில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரையும். நம் கடற்கரை ஊர்களில் இரவுகளில் ஈரப்பதம் சாதாரணமாக அதைத் தாண்டும். அதனால் உப்பு குடித்த சுவர் மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் கறுத்து வேர்த்து நிற்கும். ஈரத்தைப் போக்கினால் போதாது, உப்பையும் எடுக்கவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பெயின்டர் சொன்ன டேம்ப் ப்ரூஃப், அதாவது ஈரம் தடுக்கும் கோட்டைப் பற்றி. அந்தப் பொருள் மோசமானதல்ல. வெளிச்சுவரில் மழை அடிக்கும் பக்கம் அடித்தால் உதவும், மாடித்தளத்தில் உதவும். அறைக்குள், பின்னாலிருந்து நீர் தள்ளும் சுவரில் அடிப்பது ஒழுகும் குடத்துக்கு வெளியே காகிதம் ஒட்டுவது மாதிரி. தண்ணீர்புகாக் கலவை சேர்த்துக் கெட்டிச் சிமென்ட் பூச்சு மூன்றடிக்குப் போடுவதும், டைல்ஸ் ஒட்டுவதும் அதே கதைதான். முன்பக்கம் அடைபட்ட ஓதம் அடைப்பைத் தாண்டி மேலே ஏறும். மூன்றடியில் இருந்தது ஐந்தடிக்குப் போகும். முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில் டைல்ஸின் மேல் விளிம்புக்குச் சரியாக அரையடி மேலே புதிய ஓதக்கோடு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். நிலத்து ஓதம்தான் என்று உறுதியானால், தரைக்குச் சற்று மேலே நாலைந்து அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு, நீரை ஒட்டவிடாத சிலேன் வகை ரசாயனத்தைச் செலுத்தும் முறை இருக்கிறது. நன்றாகச் செய்தால் பலன் தரும். வெள்ளத்தில் ஒருமுறை நனைந்த சுவருக்கு அது தேவைப்படாது.

கொத்திய இடத்துக்கு மறுபூச்சு, மழை விட்டு மார்கழி நடுவில் தாள் சோதனை செய்து, உப்புப் பூப்பது நின்றபிறகு. சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையைக் கேளுங்கள். கொத்தனார், "இப்ப யாரு சார் சுண்ணாம்பு போடறாங்க" என்பார். போடச் சொல்லுங்கள். வெறும் சிமென்டைவிட அது மூச்சு விடும், உப்பைத் தாங்கும், வெடிப்பும் குறைவு. கடற்கரை மணலோ உப்பங்கழி ஓர மணலோ வேண்டவே வேண்டாம். பூச்சுக்கான கழுவிய எம்-சாண்ட் நல்லது. தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். போர்த் தண்ணீர் உவர்த்தால் கலப்பதற்கும், பூசியபின் நனைத்து ஆற்றுவதற்கும் வேறு தண்ணீர் கொண்டுவாருங்கள். உவர்த்தண்ணீரில் பூசுவது எடுத்த உப்பைத் திரும்ப வைப்பதுதான். ஏழு நாள் நனைத்து ஆற்றவேண்டும். நமக்கு மார்கழிப் பனி கூட உதவி செய்யும்.

இப்போது தையில் என்ன செய்வது என்று வருவோம். புதுப்பூச்சுக்கு எமல்ஷன் அடிக்கக் குறைந்தது 28 நாள் வேண்டும். சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த புதுப்பூச்சு கடும் காரம் உள்ளது, அந்தக் காரம் பெயின்டின் நிறத்தையும் பிடிப்பையும் தின்னும். நாள் கணக்கும் ஒத்துவராது, ஈரக் கணக்கும் ஒத்துவராது. ஆகவே என் யோசனை இது: அடிச்சுவர் நாலடிக்குச் சுண்ணாம்பு, அதற்கு மேலே, காய்ந்து நல்ல நிலையில் இருக்கிற சுவருக்கு எமல்ஷன். இரண்டும் சேரும் இடத்தில் நேராக நூல் அடித்து ஒரு கோடு. இது குறையாகத் தெரியும் என்று தயங்கவேண்டாம். நம் பழைய வீடுகளில் அடிச்சுவருக்குக் காவிப் பட்டையும் மேலே வெள்ளையும்தானே இருந்தன? ஓதம் வருகிற இடத்துக்கு வருஷா வருஷம் சுலபமாகத் திரும்ப அடிக்கக்கூடிய பொருள், மேலே நிலைத்து நிற்கிற பொருள் என்று பிரித்து வைத்தவர்கள் சுவரைப் புரிந்துகொண்டவர்கள்.

சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் மேல். நீர்க்காத கல்லாக வாங்கினால் ட்ரம்மில் முதலில் தண்ணீர், அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் செய்யவிடாதீர்கள், அக்காவும் குழந்தைகளும் பக்கத்திலேயே வரக்கூடாது. இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, பசை காய்ச்சி ஊற்றுங்கள். பசை போதாமல் போனால்தான் சட்டையில் வெள்ளை ஒட்டும். வெண்மைக்குத் துளி நீலம். நிறம் வேண்டுமென்றால் மண் காவி வகைகள் மட்டும், மற்ற சாயங்கள் சுண்ணாம்பின் காரத்தில் வெளுத்துவிடும். சுவரை நனைத்து மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். அடிக்கும்போது தண்ணீராகத் தெரியும், ஒன்றுமே பிடிக்கவில்லையே என்று பயந்து கெட்டியாகக் கரைத்து விடுவார்கள். கெட்டியாக அடித்தது பொடியாக உதிரும். அடுத்த நாள் வெளுத்து வருவதைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எமல்ஷன் மிச்சம் இருக்கிற பரப்பில் சுண்ணாம்பு நிற்காது, அதற்கு உறிஞ்சும் சுவர் வேண்டும். சுண்ணாம்பு மேலே எமல்ஷனும் நிற்காது, பொடியோடு சேர்ந்து பாளமாகக் கழன்று வரும். பின்னால் அடிச்சுவருக்கும் எமல்ஷன் வேண்டும் என்று தோன்றினால் சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான்.

மேல்சுவருக்கு வருகிறேன். அறையைக் காலி செய்துவிட்டு முதலில் உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். பொடி ஒட்டினால் பழைய டிஸ்டெம்பர் உதிர்கிறது என்று அர்த்தம், அதைக் கழுவி எடுக்கவேண்டும். ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள், பெயின்ட் தோலோடு வந்தால் அந்த இடத்தைச் சுரண்டவேண்டும். வராவிட்டால் விட்டுவிடலாம். பிடிப்பாக இருக்கிற பழைய பெயின்டை முழுக்கச் சுரண்டுவது கூலிக்கு வேலை. பீரோவுக்குப் பின்னால் கரும்புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்த பாத்ரூம் திரவம் எதையும் சேர்க்கக்கூடாது, அது நச்சுவாயு. பூஞ்சையைக் கொல்லாமல் மேலே பெயின்ட் அடித்தால் ஆறே மாதத்தில் ஊடுருவி வரும்.

விரிசலில் இரண்டு வகை. தலைமுடி கனத்தில் வலைப்பின்னலாக இருப்பது பூச்சு காயும்போது வந்தது, பட்டியே மூடிவிடும். கான்கிரீட் உத்திரமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக ஓடுவது வேறு. இரண்டும் வெயிலில் வேறுவேறு அளவில் விரிவதால் அது எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். அதை வி வடிவில் கொத்தித் திறந்து, நெகிழும் வகை விரிசல் நிரப்பியை அடைத்து, மேலே ஃபைபர் வலைப்பட்டை ஒட்டிப் பிறகு பட்டி. வெறும் பட்டியை அடைத்தால் அடுத்த கோடையில் அதே கோடு.

பிரைமர் கேள்விக்கு விடை, வாங்கும் பட்டியைப் பொறுத்தது. நம் கடைகளில் மூட்டையில் வருவது வெள்ளைச் சிமென்ட் பட்டி. அது சிமென்ட். சுவரை நனைத்து நேரடியாகப் போட்டால்தான் பூச்சோடு பிணையும். முதலில் பிரைமர் அடித்துவிட்டால் நடுவில் ஒரு தோல் வந்து பிணைப்பைக் கெடுக்கும். பட்டி முடிந்து காய்ந்தபிறகு பிரைமர். டப்பாவில் களிம்பாக வருவது அக்ரிலிக் பட்டி. அதற்கு முன்னும் பிரைமர், பின்னும் பிரைமர். ஏற்கெனவே எமல்ஷன் அடித்துப் பிடிப்பாக இருக்கிற உங்கள் மேல்சுவருக்கு வெள்ளைச் சிமென்ட் பட்டி சரிப்படாது. உப்புத்தாளால் பளபளப்பைத் தேய்த்து எடுத்து, ஒரு கோட் பிரைமர், சுரண்டிய பள்ளங்களுக்கு மட்டும் அக்ரிலிக் பட்டி, அந்தத் திட்டுகளுக்கு மறுபடி பிரைமர். சுவர் முழுக்கப் பட்டி பார்க்கத் தேவையே இல்லை, போன பொங்கலுக்குப் பார்த்தது அங்கே நன்றாகத்தானே இருக்கிறது.

வெறும் பூச்சுச் சுவர் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைச் சிமென்ட் பட்டியை ஒரு கோட்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, மெல்லிசாக இரண்டு முறை. கரைத்தது மூன்று மணி நேரத்துக்குள் தீரவேண்டும். இறுகியதில் தண்ணீர் விட்டுக் குழைத்தால் பிடிப்புப் போய்விடும். கடற்காற்றில் கடையில் கிடந்த மூட்டைக்குள் கட்டி தட்டியிருக்கும், தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

தேய்ப்பது யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் சுவரின் அழகு அங்கேதான் பிறக்கிறது. இருட்டியதும் ஒரு பல்பைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் தெரியாத மேடு, பள்ளம், பிளேடு இழுத்த கோடு எல்லாம் நிழலாக எழும். பென்சிலால் வட்டமிட்டு மறுநாள் 180ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். பிரைமருக்கு முன் ஈரத்துணியால் தூசியைத் துடைத்தே ஆகவேண்டும்.

அளவுக் கணக்கு: பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுற்றுச்சுவர் 440 சதுரஅடி. கதவு, ஜன்னல் கழித்து சுமார் 390. அடி நாலடியைச் சுண்ணாம்புக்கு விட்டால் எமல்ஷனுக்கு ஏறக்குறைய 240 சதுரஅடி. தேறிய சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 60 முதல் 70 சதுரஅடி வரும், ஆக நாலு லிட்டர் போதும். பிரைமர் இரண்டரை லிட்டர். மேல்தளம் தனி, 120 சதுரஅடி. ஒன்றுக்கு மேற்பட்ட டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். மிஷினில் நிறம் கலக்கும்போது டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் இருக்கும், சுவர் நடுவில் அது தெரியும். தண்ணீர் கலக்கும் அளவு டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. அளந்து ஊற்றச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, பக்கத்தில் நின்று அளக்கச் சொல்லுங்கள்.

முதலில் மேல்தளம், பிறகு சுவர், கடைசியில் கதவு, ஜன்னல். ஓரங்களைப் பிரஷ்ஷால் இழுத்த ஈரம் காய்வதற்குள் ரோலர் அதைத் தொடவேண்டும். ஒரு சுவரைப் பாதியில் விட்டுச் சாப்பிடப் போகக்கூடாது, வந்து தொடரும் இடம் பட்டையாகத் தெரியும். அடிக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், முடிந்தபிறகு ஜன்னலைத் திறங்கள். முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே டப்பா நாலு மணி நேரம் என்று சொல்லும். தை மாதப் பனியில் கடலோரம் அது போதாது, ஒரு ராத்திரி விடுங்கள். காலை பத்து மணிக்கு முன் தொடங்கவேண்டாம்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பளபளப்பு இல்லாத மேட் வகையை எடுங்கள் என்பது மட்டும் என் ஆலோசனை. பட்டித் திட்டுகளைப் பளபளப்பு காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்று. உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, மரக்கதவில் பழைய எனாமல் பெயின்ட் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. அதை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி கர்ப்பிணிக்கும் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் கேடு. ஆகவே கதவு, ஜன்னல் வேலையை இப்போதே, புரட்டாசியிலேயே, அறை காலியாக இருக்கும்போது முடித்துவிடுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாள் மட்டும். தேய்ப்பவருக்கு நல்ல முகக்கவசம். முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காமல் எறிந்துவிடுங்கள். எமல்ஷன் முடிந்து இரண்டு வாரமாவது ஜன்னல் திறந்து கிடக்கட்டும், வாசனை அடங்கிய பிறகு அக்கா வரட்டும். கட்டிலையும் தொட்டிலையும் அடிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், சுவருக்கும் காற்று வேண்டும். குழந்தையோடு அக்கா அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனபிறகு, ஆனியிலோ ஆடியிலோ, அடிச்சுவரில் மறுபடி அந்தப் பாலித்தீன் தாளை ஒட்டிப் பாருங்கள். இரண்டு நாளும் உலர்ந்தே இருந்தால் எமல்ஷனைப் பற்றி அப்போது பேசலாம்.